என் மகன் அழித்த கல்யாணம்

பேத்தியின் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அவளுடைய அப்பன், அதாவது நான் பெற்ற மகன், அந்தக் கல்யாணத்தை அழித்துப்போட்டான். மத்தியானச் சோறு தின்று கை கழுவின ஈரம்கூடக் காயவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் அமுக்கினான். கல்யாணம் போய்விட்டது.

எங்கள் கடற்கரையில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நெஞ்சில் கைவைப்பார்கள். "ஏன் பாட்டி, மாப்ள விட்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. மாப்பிள்ளை தங்கமானவர். இப்போதுகூட அடுத்த அறையில் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அழிந்தது பெட்டிக்குள் இருந்த கல்யாணம். எங்கள் வீட்டில் அது வெளியே நடந்த கல்யாணத்தைவிடப் பெரிய காரியம். ஏனென்றால் என் மகன் ஒருவனுக்கு மட்டும் அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கவே இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் தட்டுகிறாள். "ஒங்க பேச்ச அப்படியே போட்டா ஆரல்வாய்மொழி தாண்டுனா ஒருத்தருக்கும் வெளங்காது பாட்டி" என்று புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். பேச்சை மாற்றட்டும், நடந்ததை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நடுநடுவே எட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறேன். சரியாகத்தான் போடுகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் எட்டிப் பார்த்தால் அவளுக்கு ஒரு பயம் இருக்கும்.

என் மகன் அப்போது வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் கரையில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். இங்கேயும் கடல், அங்கேயும் கடல், எதற்காக ஏரோப்பிளேன் ஏறிப் போய் இன்னொருத்தன் கடலில் வலை போடுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். வீட்டுச் சுவரைக் காட்டுவான். சிமென்ட் பூசின சுவர்.

பேத்தி நாகர்கோயிலில் என்ஜினீயரிங் படித்தாள். முடித்த கையோடு ஒருநாள் அடுக்களையில் வந்து நின்று, கூடப் படித்தவரைத்தான் கட்டுவேன் என்றாள். மயிலாடிப் பக்கத்து ஆள், அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், வீட்டில் வயல் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் வேறு சபை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார் பின்னால் வந்து கட்டின சபைக்குப் போகிறவர்கள். என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. குழம்பு அடிப்பிடித்தது.

"அதே சாமிதான பாட்டி. பாட்டுப் புத்தகந்தான் வேற."

"நம்ம பாட்டு அவனுக்கு வருமாட்டி?"

"வராது."

"அவுங்க பாட்டு ஒனக்கு?"

"படிச்சுக்கிடுவேன்."

அவள் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்? என் மகன் போனில் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குப் பிடிச்சிருக்குல்லா, பொறவு என்ன?" என்றான். நாள் குறித்தோம். அரபியும் லீவு தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். நாள் நெருங்கும்போது, மீன் வருகிற சமயம், போகக் கூடாது என்று பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டான். அச்சடித்த பத்திரிகையில் என் மகன் பெயர் இருந்தது. பந்தலில் அவன் இல்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். முதல் பந்தியில் சம்மந்திக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பன் உட்கார வேண்டிய நாற்காலியைக் காலியாகப் போட்டு, அதன் முதுகில் என் மகனுடைய வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டேன். சட்டைப் பையில் மருமகளுடைய போனை வைத்தேன். அந்தக் காலத்துச் சைனா போன் நினைவிருக்கிறதா? ஸ்பீக்கரைப் போட்டால் கோயில் மைக் போலக் கத்தும். அவன் கூப்பிட்டால் அந்த நாற்காலியிலிருந்தே பேசட்டும் என்று என் புத்தி. அவனோடு ஒரே வள்ளத்தில் போய்வந்த ஒரு தடியன் அந்த நாற்காலியில் உட்காரப் பார்த்தான். "எழும்புலே, அது எனக்க மொவனுக்க கசேர" என்று விரட்டினேன். "ஆளில்லாத கசேரைக்கு இவ்வளவு மரியாதியா பாட்டி?" என்று இளித்துக்கொண்டு போனான்.

போன் வந்தது. ஆனால் நான் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்தில் சமையல்காரனோடு சண்டை. சாளைக் குழம்பில் உப்பைக் கொட்டி வைத்திருந்தான் பாவி. சண்டை முடித்து நான் வருவதற்குள் போன் நின்றுவிட்டது. பிறகு ஒருநாள் அவன் கூப்பிட்டபோது, "நீங்க பேசுனது எல்லாருக்கும் கேட்டுது" என்று மருமகள் சொன்னாள். பேத்தியும் சொன்னாள். அவன் நம்பவில்லை. "எனக்கு இஞ்ச ஒரு சத்தமும் வரல்ல. லைன் கட்டாகிப் போச்சு. சும்ம எனக்க மனசு கஷ்டப்படாண்டாம்னு சொல்லுதியோ" என்பான். எத்தனை தடவை சொன்னாலும் அதே பதில். மகள் கல்யாணத்தில் தன்னுடைய ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை என்பது அவன் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. "வீடியோல பாத்துக்கிடுதேன். அது போதும்" என்பான்.

வீடியோ எடுத்தது மாப்பிள்ளையின் கூட்டுக்காரன். நல்ல கேமரா வைத்திருந்தான், சும்மா எடுத்துக் கொடுத்தான். எடுத்ததையெல்லாம் பேத்தியின் லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வடக்கே போய்விட்டான். கேசட் இல்லை, சிடி இல்லை, ஒன்றுமில்லை.

மறுவீட்டுக்கு வந்தபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். லீவில் வந்த ஓர் ஆளிடம் என் மகன் கொடுத்தனுப்பினது. ஹார்ட் டிஸ்க் என்று பெயராம், சோப்புப் பெட்டி அளவுதான். கறுப்பு. மோந்து பார்த்தேன். பார்சலில் கூட வந்த செண்ட் வாசனை.

"இதுக்குள்ள என்ன உண்டு மக்கா?"

"ஒண்ணும் இல்ல பாட்டி. இனிமதான் நெறைக்கணும். எனக்க லேப்டாப்புல உள்ளது எல்லாம், அவருக்க லேப்டாப்புல உள்ளது எல்லாம், இன்னொரு தடவ இதுக்குள்ள இருக்கும். நாளைக்கு லேப்டாப் கெட்டுப் போனாலும் இது காப்பாத்தும்."

"எல்லாமா? ஒனக்க கல்யாணமும்?"

"கல்யாணமும்."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம், பந்தல், பாண்டு, சாமியார், சம்மந்தி வீட்டுப் பெண்களின் மொறுமொறுப் பட்டு, எல்லாம் சோப்புப் பெட்டிக்குள்! கை தவறினால் என்ன ஆகும்?

அதற்குள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு முற்றியிருந்தது. பேத்தியின் லேப்டாப் விண்டோஸ், மாப்பிள்ளைக்குக் கம்பெனி கொடுத்தது மேக். இது ஏதோ வேறு வேறு கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லையாம். மாப்பிள்ளை எனக்குப் பொறுமையாகச் சொன்னார்.

"பாட்டி, எனக்க மெஷின் அதுக்க கணக்குல எழுதுனத இவளுக்க மெஷினுக்கு வாசிக்கத் தெரியாது. இவளுக்கது எழுதுனத எனக்கது வாசிக்கும். ஆனா அதுல ஒரு வரி எழுதச் சொன்னா எழுதாது."

நான் வாயைப் பிளந்தேன். "மெஷினுக்கும் சபை உண்டா?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "அதேதான் பாட்டி!"

"அப்பம் ஒரு பெட்டிய எப்படி ரெண்டு பேரும் வைப்பியோ?"

"ரெண்டாப் பகுக்கோம். ஒரு பாதி அவளுக்க முறைக்கு, ஒரு பாதி எனக்க முறைக்கு."

"இத்தனூண்டு பெட்டிய எஞ்ச வச்சி வெட்டுவியோ?"

"வெட்டாண்டாம். உள்ளுக்க ஒரு கோடு போட்டாப் போதும்."

என் மாமனார் வீட்டைப் பாகம் பிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். கயிறு பிடித்து அளந்து, கோடு அடுக்களை நடுவில் விழுந்து, அம்மி யாருக்கு, ஆட்டுக்கல் யாருக்கு என்று ஊரே கூடி, கடைசியில் கொழுந்தன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள். இங்கே இவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பிரித்துவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. "இந்த வீட்ல இவ்வளவு சமாதானமா ஒரு பாகம் நடந்தது இல்ல" என்றாள் மருமகள்.

அன்றைக்குப் பேத்தியின் லேப்டாப்பில் இருந்ததெல்லாம் அவள் பாதிக்குப் போயிற்று. மாப்பிள்ளையுடையது அவர் பாதிக்கு. கல்யாண வீடியோவை அவர் ஒரு பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மெஷினுக்குக் கடத்திக்கொண்டார். வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து அழகான படம் ஆக்கித் தருவதாகச் சொன்னார். திருவனந்தபுரத்தில் இருவரும் வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் முடிந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்தாராம். எங்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினார். சினிமா தோற்றுவிடும். ரோஜாப்பூ விழுகிறது, பூவுக்குள்ளிருந்து பேத்தி வருகிறாள். நான் அசந்து போனேன். ஒரே ஒரு குறை. நான் சட்டை மாட்டின நாற்காலியைக் காணோம். வயசான காலத்தில் எதற்கு நொட்டை சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

படம் முடிந்ததும் மூலத்தை மாப்பிள்ளை தன் மெஷினிலிருந்து எடுத்துவிட்டார். பேத்தியும், லேப்டாப் மூச்சு முட்டுகிறது என்று அவளுடையதிலிருந்து அழித்துவிட்டாள். படம் பெட்டியில் மாப்பிள்ளையின் பாதியில் இருந்தது. பிறகு அவர் வேலை மாறினார். பழைய கம்பெனி தன் மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டது. புதிய இடத்தில் வேறொரு மேக். ஆக, காவலுக்கென்று வைத்த பெட்டியில் இருந்த படம்தான் உலகத்திலேயே ஒன்றே ஒன்று. அது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, படித்தவர்கள் உட்பட.

பேத்தி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய பழைய லேப்டாப்பும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. "அப்பா வந்ததும் நாங்க ரெண்டு பேரும் அவருக்க மேக்கையும் எடுத்துட்டு வாறோம். அதுல போட்டாத்தான் படம் வரும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாண்டாம்" என்றாள். நான் தினமும் அதன்மேல் தூசி தட்டினேன். தொட்டது அவ்வளவுதான்.

மகன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு வந்து சேரும்போது மத்தியானம். கறுத்து, மெலிந்து, முடி நரைத்து. வாசலில் பார்த்ததும், செத்துப்போன என் புருஷன்தான் வந்து நிற்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். சின்ன லீவுதான், உடனே திரும்ப வேண்டும். மகளுக்கு மறுநாள்தான் வர முடியும். சோறு தின்றான். கை கழுவினான். அலமாரியைப் பார்த்தான்.

"நாளைக்கு பிள்ள வருவா" என்றாள் மருமகள்.

"சும்ம பாக்கேன்ட்டி."

"அவ தொடாண்டாம்னு சொன்னா."

"அவளுக்க அப்பன் தொடாண்டாம்னா சொன்னா?"

லேப்டாப்பைத் திறந்து, பெட்டியின் வாலைச் சொருகினான். 'டிங்' என்றது. ஒரு கட்டம் வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டது.

"என்னது அது?" என்றேன்.

"கேள்வி கேக்குது. அரபி படகுல மீனு பாக்க ஒரு மெஷின் உண்டும்மா. காலைல தொறந்ததும் இப்படித்தான் இங்கிலீஷ்ல நீளமா என்னமோ எழுதிக் காட்டும். சம்மதம்னு அமுக்குனாத்தான் உள்ள விடும். அமுக்கலேன்னா நாள் பூரா அப்படியே நிக்கும். மெஷினுக எல்லாம் ஒரே கொணம்தான்."

அமுக்கினான். இன்னொரு கட்டம் வந்தது. அதிலும் அமுக்கினான். மறுபடி ஒன்று வந்தது, மஞ்சளில் ஓர் அடையாளத்தோடு.

"திரும்பத் திரும்பக் கேக்குது, வேண்டாமே" என்றாள் மருமகள்.

"அரபியும் இப்படித்தான். கேட்டத மறுபடியும் கேப்பான். சம்மதம்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்." அமுக்கினான்.

ஒரு பச்சைக் கோடு ஓடினது. "பாத்தியா, வருது" என்றான். நான் தலைமுடியைக் கோதிவிட்டு, சம்மந்தி வீட்டார் முன்னால் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடு முட்டினது. என்னவோ முடிந்தது என்று சொன்னது. அவன் திறந்து பார்த்தான். வெள்ளைவெளேரென்று இருந்தது. மணல்போல.

மகளுக்குப் போன் போட்டான். "ஏ மக்கா, பெட்டில ஒண்ணும் இல்லியே? மாப்ள படத்த வைக்க மறந்துட்டாரா?"

"அப்பா, என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல்ல. கேட்டுது, சரின்னு சொன்னேன்."

"என்ன கேட்டுது? எழுத்தெழுத்தா சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? எஃப்... ஓ... ஆர்..."

"அய்யோ அப்பா! அது அவருக்க பாதி. எனக்க மெஷினுக்கு அத வாசிக்கத் தெரியாதுல்லா? வாசிக்கத் தெரியாததால, இது வெறும் பெட்டின்னு நெனச்சி, தொடச்சி எனக்க முறைக்கு மாத்தட்டான்னு கேக்கும். நீங்க தொடைக்கச் சொல்லியிருக்கிய!"

போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். நான் என்ன சொல்லுவேன்? "மக்கா, ஒனக்க அப்பன் ஒனக்க கல்யாணத்த அழிச்சுப்போட்டான்" என்றேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. என் மகன் கடற்கரைக்குப் போய்விட்டான். பிறர் கடலில் இருந்து வந்த அன்றைக்கே தன் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். சாயா ஆறிப் போயிற்று. நான் போய்க் கூப்பிட்டேன்.

"ரெண்டாவது தடவையும் நான் பாக்கல்லம்மா" என்றான். "மொதல்ல அரபி விடல்ல. இப்பம் நானே விடல்ல."

பெற்ற பிள்ளை அறுபதை நோக்கிப் போகிறான், அவனை மடியில் போடவா முடியும்? "வா மக்கா, பனி எறங்குது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை இருவரும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றின கையோடு பெட்டியைத் தன் மெஷினில் மாட்டினார். என் மகன் அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்றான்.

"மாமா, உள்ள வாங்க. ஒண்ணும் ஆவாது."

"ஒங்க உழைப்ப அழிச்சுட்டேன் மாப்ளே."

"எனக்க தப்புதான் மாமா. வேற எங்கயாவது இன்னொண்ணு வச்சிருக்கணும். கம்ப்யூட்டர்க்காரன்னு நெஞ்ச நிமித்திட்டு நடந்தேன்."

துடைத்ததைத் தோண்டி எடுக்க ஏதோ ஒரு வித்தை உண்டாம். அதைப் போட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பூ மட்டும் விழுகிறது, பூவுக்குள் பேத்தி இல்லை. சாமியாருடைய கை மட்டும் தெரிகிறது. பிறகு கறுப்பு. சம்மந்தியின் தலை பாதி பச்சையாக நின்று நடுங்குகிறது. "எனக்க மாதாவே!" என்று நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். என் மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் பேத்தி அடுக்களையிலிருந்து சாயா டம்ளரோடு வந்தவள் நடுவீட்டில் நின்றாள். "ஆமா," என்றாள், "மறுவீட்டுக்கு வந்த அன்னைக்கு நான் எனக்க லேப்டாப்ப முழுசா பெட்டில எனக்க பாதிக்கு எடுத்தேன்லா?"

"எடுத்தே. அதுக்கு?"

"அன்னைக்குக் கல்யாண வீடியோ அதுல இருந்துதே!"

"நீதான் அழிச்சேல்லா?"

"மெஷின்ல அழிச்சேன். பெட்டில யாரு அழிச்சா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒனக்க பாதிய நான் திரும்பிக்கூடப் பாக்கல்லியே!"

"கட்டுனதுல இருந்து அப்படித்தான்" என்றாள் அவள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டம்ளரை என் கையில் திணித்துவிட்டுத் தன் பழைய லேப்டாப்பில் பெட்டியை மாட்டினாள். அந்தக் கட்டம் இந்தத் தடவை வரவில்லை, துடைத்து அவள் முறைக்கு மாற்றியாயிற்றல்லவா? அவள் பாதியைத் திறந்து, சேமித்து வைத்ததை இறக்கினாள். சாயாவை நானே குடித்துவிட்டேன், அவ்வளவு பதற்றம். வந்தது. வெட்டாத, ஒட்டாத, பாட்டுப் போடாத கல்யாணம். கேமரா கண்டதெல்லாம் அப்படியே.

ஐயையோ, அது என்ன கல்யாணம்! இதிலா நாங்கள் இருந்தோம்? ரோஜாப்பூ ஒன்றும் விழவில்லை. என் மருமகள் யாரையோ பல்லைக் கடித்துத் திட்டுகிறாள். கோயிலில் கொட்டாவி விடுகிற ஆளையெல்லாம் கேமரா பிடித்து வைத்திருக்கிறது. நான் பின்பக்கத்தில் சமையல்காரனை அகப்பையால் அடிக்கப் போகிறேன். "பாட்டி, ஒங்க மேல கேஸ் போடலாம்" என்றார் மாப்பிள்ளை. என் மகன் சாய்ந்த சுவரை விட்டு நகர்ந்து நகர்ந்து லேப்டாப்புக்கு முன்னால் வந்துவிட்டான். மகள் மோதிரம் போடுகிறபோது இன்னும் குனிந்து பார்த்தான். சட்டை மாட்டின நாற்காலி வந்தது. "எனக்க சட்டை" என்றான்.

"மாமா, இத கொஞ்சம் தள்ளி விட்டுருலாம்" என்று மாப்பிள்ளை சட்டென்று கையை நீட்டினார். "நான் படத்துல இத வெட்டுனது வேணும்னேதான். ஒங்களுக்குக் கொறச்சலா இருக்கும்னு..."

"இருக்கட்டும் மாப்ளே."

சட்டைப் பையில் போன் அடித்தது. மருமகள் ஓடிவந்து ஸ்பீக்கரைப் போட்டாள். வளைகுடாவிலிருந்து என் மகன் கத்தினான்.

"அலோ! மக்கா! அப்பா பேசுதேன். கடல்ல நிக்கேன், டவர் ஒரு கோடுதான் உண்டு. நல்லா இரு மக்கா. மாப்ளே, எனக்க மொவள பாத்துக்கிடுங்க. அலோ? கேக்குதா? அலோ?"

பந்தியில் சோறு பிசைந்த கைகள் எல்லாம் நின்றன. பேத்தி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, "கேக்குதுப்பா, கேக்குதுப்பா" என்கிறாள்.

"கட்டாயிட்டுதுலே" என்று அவன் பக்கத்திலிருக்கும் யாரிடமோ சொல்லுகிறான். "ஒரு வார்த்த கேட்டிருக்காது." பிறகு அழுதான். என் மகன், அப்பன் செத்தபோதுகூட வாய்விட்டு அழாதவன், அந்தச் சட்டைப் பையிலிருந்து ஓங்கி அழுதான்.

அவன் அழுததை யாரும் எனக்குச் சொல்லவில்லையே! ஊர் முழுவதும் கேட்டிருக்கிறது, பெற்றவள் உப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. சம்மந்தி, அந்த வாத்தியார், சிரித்துப் பேசியே நான் பார்த்திராத மனுஷன், எச்சில் கையோடு எழுந்தார். நாற்காலியின் சட்டையை நோக்கிக் குனிந்தார். சட்டைப் பையில் வாய் வைக்கிற மாதிரி நெருங்கி, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

"சம்மந்தி! கேக்குது! நாங்க எல்லாரும் கேக்கோம்! பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்! அழாதிய சம்மந்தி!"

போன் நின்றுவிட்டது. அதன்பிறகும் அவர் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குது சம்மந்தி, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மீன்குழம்பு அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. அந்தக் கறை எப்படி வந்தது என்று துவைத்துத் துவைத்து மாய்ந்தவள் நான்!

மாப்பிள்ளை நிறுத்திவிட்டார். என் மகன் முகத்தைத் துடைக்காமல் இருந்தான்.

"அப்பம் கேட்டுதா?"

"நான் அப்பமே சொன்னேம்லாப்பா" என்றாள் பேத்தி.

"நீ சொன்னே. நான்தான்..." அவன் முடிக்கவில்லை. "மாப்ளே, ஒங்க அப்பாவுக்க நம்பரப் போடுங்க."

மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தார். மயிலாடியில் வாத்தியார் எடுத்தார். "யாரு? சம்மந்தியா? எப்பம் வந்திய? அலோ, கேக்குதா?"

"இப்பந்தான் கேட்டுது சம்மந்தி" என்றான் என் மகன். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. இந்தத் தடவை அந்தப் பக்கத்தில்தான் "அலோ, அலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போனை வாங்கி, "அவன் நல்லா இருக்கான். நாளைக்குக் குடும்பமா வாருங்க, சாளைக் குழம்பு வைக்கேன். உப்பு நான் போடுதேன்" என்றேன். வந்தார்கள். லீவு முடிகிற வரைக்கும் என் மகன் அந்த வெட்டாத கல்யாணத்தைத் தினமும் பார்த்தான். தடியன் நாற்காலியில் உட்காரப் பார்க்கிற இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவான்.

இப்போது அந்தக் கல்யாணம் பேத்தியின் பாதியிலும் இருக்கிறது, மாப்பிள்ளை தன் பாதியைப் பழையபடி தன் முறைக்கு மாற்றி அங்கேயும் வைத்துவிட்டார். வேறொரு பெட்டியில் இன்னொன்று சம்மந்தி வீட்டிலும் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் பாதியைப் பழையபடி மாற்றியதால், பேத்தியின் லேப்டாப்பில் மாட்டினதும் அந்தக் கட்டம் தவறாமல் வந்து கேட்கும், துடைக்கட்டா என்று. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கட்டத்தின் முகம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் பொத்தான் வலதுபக்கம். பேத்தி என் விரலைப் பிடித்துப் பழக்கிவிட்டாள். இந்த வீட்டில் அதை அமுக்குகிற அதிகாரம் எனக்குத்தான்.

போன லீவில் மகன் வந்தபோதும் பெட்டியை மாட்டினான். டிங் என்றது. கட்டம் வந்தது. அவன் விரல் தன்னால் நீண்டது.

"லேய்," என்றேன், "கைய எடு."

எடுத்துவிட்டான்.